உரப்புப் போர்

உரப்புப் போர் என்பது, இசைப்பதிவுகளை ஒன்றைவிட ஒன்று உரத்து ஒலிக்குமாறு வெளியிடும் போட்டியைக் குறிக்கும். இறுவட்டு பரவிய பின்னர், குறிப்பாக 1990களில், இது தீவிரமடைந்தது. எண்முறைப் பதிவில் வீச்சுக்கு மேல் எல்லை உண்டு. ஆகவே ஒலியின் உச்சங்களை அமுக்கிவிட்டு, எஞ்சியதை அவ்வெல்லைவரை உயர்த்துவர். மென்மையான பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் உள்ள வேறுபாடு இதனால் சுருங்குகிறது. எல்லை மீறினால் அலையின் முகடு வெட்டுப்பட்டுக் கரகரப்பு தோன்றும்.

ஹெவி மெட்டல் இசையில் இப்பாதிப்பு எளிதில் தெரியும். இவ்விசைக்குரிய கிட்டார் ஒலி இயல்பிலேயே ஏற்ற இறக்கம் குறைந்தது. அதற்கு மேல் எழுந்து கேட்கவேண்டியது டிரம்சின் அடி. உச்சங்களை நறுக்கும்போது முதலில் மழுங்குவதும் அதுவே.

பெரிதும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, ரிக் ரூபின் தயாரிப்பில் மெட்டாலிக்கா குழு 2008 செப்டம்பரில் வெளியிட்ட டெத் மாக்னெட்டிக் இசைத்தொகுப்பு ஆகும். இதன் பாடல்கள் கிட்டார் ஹீரோ III என்ற நிகழ்பட ஆட்டத்திலும் வெளிவந்தன. அவ்வடிவம் இந்த அளவுக்கு அமுக்கப்படாததால், இறுவட்டின் குறை ஒப்பீட்டில் அம்பலமானது. மறுபடி கலவை செய்யக் கோரி இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மனுவில் ஒப்பமிட்டனர். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், கலவை தம்மிடம் வந்தபோதே எல்லைவரை அமுக்கப்பட்டிருந்ததாகத் தெரிவித்தார். வெட்டுப்பட்ட முகட்டை அடுத்த கட்டத்தில் முழுமையாக மீட்க இயலாது. டிரம்ஸ் கலைஞரான லார்ஸ் உல்ரிச்சோ அந்த ஒலியை ஆதரித்தே பேசினார்.

ஸ்பாட்டிஃபை போன்ற இணைய இசைச் சேவைகள் பாடல்களின் உரப்பைச் சமப்படுத்தி ஒலிக்கச் செய்கின்றன. அமுக்கிப் பெறும் ஆதாயம் அங்கு பெரும்பாலும் இல்லை. ஆயினும் அந்த அடர்ந்த ஒலியையே மெட்டல் இசையின் அடையாளமாகக் கருதுவோர் உண்டு.