துணை விறகடுப்பு

எரிவாயுவோ மின்சாரமோ முதன்மையாக இருக்கும் வீட்டில், அவை கைகொடுக்காத வேளைக்கென்று வைத்திருக்கும் சிறிய விறகடுப்பு துணை விறகடுப்பு எனப்படும். குளிர்நாடுகளில் அது அறையைச் சூடாக்கப் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் அத்தேவை உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களோடு நின்றுவிடுகிறது. திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் போன்ற கொங்குச் சமவெளி ஊர்களில் அதற்கு இரண்டே வேலை: குளிக்கத் தண்ணீர் காய வைப்பது, சிலிண்டர் தீர்ந்த நாளில் சோறாக்குவது. வாங்குவோர் பெரும்பாலும் அடுப்பின் வடிவத்தையும் விலையையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கையிலுள்ள விறகு, அடுத்தது புகை போகும் வழி; வடிவம் மூன்றாவதே.

தமிழர் நெருப்பை வேலைக்கேற்பப் பிரித்தே வைத்திருந்தனர். கூதிர்காலத்தில் குளிர்காய்வதற்கு ‘தடவு’ என்ற அகன்ற வாய்க் கணப்புச் சட்டி இருந்ததை நெடுநல்வாடை காட்டுகிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. காற்றைச் செலுத்தி வெப்பத்தைக் கூட்டும் நுட்பம் இப்பகுதிக்குப் புதிதன்று என்பதற்கு அவையே சான்று. வீட்டு அடுப்புகளில் மூன்று கல் கூட்டிய அடுப்பு மிக எளியது. களிமண்ணால் பூசிய ஒற்றையடுப்பு அதன் அடுத்த நிலை. ஒற்றையடுப்பின் பக்கவாட்டில் துளையிட்டு, மிஞ்சும் தழலை இரண்டாம் பாத்திரத்துக்குத் திருப்பியது கொடியடுப்பு. வீணாகும் வெப்பத்தை மீட்கும் இக்கருத்தைத்தான் இருபதாம் நூற்றாண்டின் சீர்திருத்த அடுப்புகளும் பின்பற்றின. விருந்துச் சமையலுக்குக் கோட்டையடுப்பு, கரிக்குக் குமுட்டி, நடுவில் துளைவிட்டு இடித்து நிரப்பும் மரத்தூள் அடுப்பு, உமியடுப்பு ஆகியவை எரிபொருளையும் வேலையையும் ஒட்டிப் பிறந்த பிற வகைகள். கொங்கு வீடுகளில் பொடக்காலி எனும் கொல்லைப்புறத்தில் அண்டா பதித்துக் கட்டிய தண்ணீரடுப்பும், நடுவே குழாய் செல்லும் செப்புப் பாய்லரும் வெந்நீருக்கென்றே அமைந்தவை. இவ்வகைகளுள் சில ஒரு குறிப்பிட்ட எரிபொருளுக்கே பொருந்தும். மரத்தூள் அடுப்பில் மட்டையைச் செருக முடியாது.

வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர் வட்டாரம் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களுக்குப் பெயர் பெற்றது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் இந்நிலங்களில் கழிக்கும் கிளைகள் கெட்டியான விறகாகும். சீமைக்கருவேலமும் அப்படியே நின்று எரியும். தோப்புகளில் கிடைக்கும் தென்னை மட்டையும் பாளையும் விரைவில் பற்றி விரைவில் அடங்கும். தண்ணீர் காய வைக்க அவை போதும், நெடுநேரச் சமையலுக்கு உதவா. கொட்டாங்குச்சி நல்ல தழல் தரும். ஆனால் கரி ஆலைகளுக்கு விலைபோவதால் வீட்டுக்கு மிஞ்சுவது குறைவு. முருங்கைக் கழிவு இவ்வட்டாரத்தில் ஏராளம், ஆயினும் பொதபொதவென்ற அக்கட்டை விறகுக்கு ஏற்றதன்று. எதுவானாலும் காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதியளவு நீராக இருக்கும். எரியும் வெப்பத்தின் ஒரு பங்கு அந்நீரை ஆவியாக்கவே செலவாகும், புகையும் மிகும்.

இருபது லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 45 பாகைக்கு உயர்த்த 400 கிலோகலோரி வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கிலோகலோரி தருகிறது. மூன்று கல் அடுப்பு அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்தில் சேர்க்கும் எனக் கொண்டால் ஒரு கிலோ விறகு ஆகும். கால் பங்கைச் சேர்க்கும் அடுப்பில் அரைக் கிலோ போதும். தூக்கிச் செல்லத்தக்க அடுப்புகளுக்கு இந்தியத் தர நிறுவனம் விதித்துள்ள குறைந்தபட்சத் திறன் 25 விழுக்காடு. விசிறி பொருத்தியவற்றுக்கு 35 விழுக்காடு. விசிறி அடுப்பே சிறந்தது என்று தோன்றலாம். ஆனால் அதற்கு மின்சாரம் அல்லது மின்கலம் வேண்டும், விறகைச் சிறு துண்டுகளாக வெட்டவும் வேண்டும். மின்சாரம் போன நேரத்துக்கான அடுப்பு மின்சாரத்தையே நம்பியிருப்பது பொருந்தாது. வார்தாவில் ஜே. சி. குமரப்பாவின் கிராமக் கைத்தொழில் சங்கத்தில் உருவான மகன் அடுப்பு, ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு வடிவமைத்த புகையில்லா அடுப்பு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா அடுப்பு ஆகியவை விசிறியின்றியே புகைபோக்கியால் காற்றை இழுத்தன. 1980களில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002-இல் முடிவுக்கு வந்தது. புகைபோக்கியைத் துடைக்காததும், உள்ளூர் விறகு நுழையாத வாயும் அதன் குறைகளுள் சில.

புகைவழியில் கொங்கு நாட்டுக்குத் தனிச் சிக்கல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் பலத்த காற்று, தாழ்வான புகைபோக்கியின் புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பித் தள்ளும். எனவே புகைபோக்கி கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும், அடுப்பின் வாய் மேற்கு நோக்கி இருக்கக்கூடாது. அடுப்பை அக்கினி மூலையாகிய தென்கிழக்கில் வைக்கும் மரபும் இதற்கு இசைவானதே. காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது அம்மூலைப் புகை வீட்டைத் தொடாமல் வெளியேறிவிடும்.

இன்னொரு சிலிண்டர் இருந்தால் விறகடுப்பு எதற்கு என்பது நியாயமான கேள்வி. சமையலுக்கு மட்டும் என்றால் அதுவே போதும். நாள்தோறும் அண்டா நிறையத் தண்ணீர் காய வைக்க எரிவாயுவைச் செலவிடுவதோ, மட்டை சும்மா கிடந்து மக்கும் ஊரில் வீண்செலவு. புகை நுரையீரலுக்குக் கேடு என்பதில் மறுப்பில்லை; அதனால்தான் அடுப்பு வீட்டுக்கு வெளியே அல்லது புகைபோக்கியுடன் இருக்க வேண்டும் என்கிறோம். விறகு காட்டை அழிக்கும் என்ற வாதம் இங்கு செல்லாது, ஏனெனில் எரிவது தோப்புக் கழிவும் கழித்த கிளையும். இப்போது எரிவாயு பரவலாகி, விறகடுப்பு பெரும்பாலும் பொடக்காலிக்கு ஒதுங்கிவிட்டது. அறையைச் சூடாக்க வேண்டியுள்ள மலையூர்களிலோ, அறைக்குள் கரிக் கணப்பு வைப்போர் சன்னலைச் சிறிது திறந்தே வைக்க வேண்டும். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமுமில்லை.