கடற்கோட்டையும் உள்ளக் கோட்டையும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டையைக் காணாமல் வளர்ந்த பழைய மாணவி எம்மில் ஒருவரும் இருக்க முடியாது. போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். சுற்றிலும் கடல், தடித்த கற்சுவர். ஆயினும் உள்ளே குடிநீர் இல்லாமற் போனதால் காவற்படை சரணடைந்தது. நன்னீரின் அருமை அறிந்த தீவக மக்களுக்கு இந்த வரலாற்றின் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன், 1577இல், ஸ்பெயின் நாட்டில் அவிலா நகர்ப் புனித தெரேசா இன்னொரு கோட்டையைப் பற்றித் தம் கன்னியருக்கு எழுதினார். மனித ஆன்மாவே அக்கோட்டை. அதில் ஏழு வகையான உறைவிடங்கள் உள்ளன. நடுவிலுள்ள உறைவிடத்தில் கடவுள் வாழ்கிறார். உள்ளே செல்லும் வாசல் செபம். நான்காவது உறைவிடத்தை விளக்கும்போது அவர் இரு நீர்த்தொட்டிகளைக் காட்டுகிறார். ஒன்றுக்குத் தொலைவிலிருந்து வாய்க்கால் வழியாக, உழைப்பினால், நீர் வருகிறது. மற்றது ஊற்றின் மேலேயே அமைந்திருப்பதால் ஓசையின்றி நிரம்புகிறது. முதலாவது எமது முயற்சி. இரண்டாவது இறைவனின் கொடை.

தீவகக் கத்தோலிக்கரின் வரலாற்றை இந்த உவமையோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். 1658இன் பின் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதைத் தடைசெய்தனர். ஆலயங்களைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டனர். வாய்க்கால்கள் எல்லாம் அடைபட்டன. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் நிலையான குருக்கள் இன்றியே வாழ்ந்தனர். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு, இங்கு வந்தபோது விசுவாசிகளைக் கண்டுகொண்டது வீடுகளில்தான். கூடத்தில் சொல்லப்பட்ட செபமும், தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களும் அந்த ஊற்றை வற்றவிடவில்லை. 1689 நத்தார் வேளையில் வழிபாட்டுக்குக் கூடியவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். அப்போதும் அது வற்றவில்லை. வாஸ் அடிகளார் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருக்குக் கதவு திறந்த பெண்கள் பலரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். அதன்பின் இங்கு வளர்ந்த கன்னியர் மடப் பள்ளிகள் எழுத்தறிவோடு இந்த உள்வாழ்வையும் பெண்பிள்ளைகளுக்குக் கையளித்தன. நற்கருணை வாங்கியபின் சற்று நேரம் பேசாமல் இருக்கவேண்டும் என்று எமக்குக் கற்பித்தது வெறும் ஒழுங்குக்காக அல்ல. வீட்டுக்கு வந்த விருந்தினரைத் தனியே விட்டுவிட்டு அயலாரோடு கதைக்கப் போவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு அது. எம்மோடு ஒரே வாங்கில் இருந்த சைவத் தோழியருக்கும் இது அந்நியமாகப் படவில்லை. உள்ளத்தைக் கோயிலாகக் கண்ட திருமூலரின் மரபு அவர்களுடையது.

எமது தலைமுறைக்கும் சோதனை வந்தது. 1990 ஆகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினர். ஆலயமும் பள்ளியும் பின்னால் நின்றுவிட்டன. 2006 ஆகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணை வீச்சில் உயிரிழந்தனர். அம்மக்களோடு நின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஒரு வாரத்தின் பின், ஆகஸ்ட் 20 அன்று, காணாமற்போனார், இன்றுவரை திரும்பவில்லை. கல்லால் ஆன ஆலயம் எவ்வளவு எளிதில் உடையும் என்பதை நாம் அன்று கண்டோம். ஒவ்வொரு மனிதரும் கடவுளின் ஆலயம் என்று புனித பவுல் எழுதியதை நாம் உண்மையாக நம்பினால், அங்கே சிதைக்கப்பட்டவை எத்தனை ஆலயங்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

மருத்துவத் தொழிலில் இருக்கும் எமக்கு இந்த நம்பிக்கை நாளாந்தம் தேவைப்படுகிறது. நினைவு மங்கிய முதியவரும், பேச்சிழந்த நோயாளியும் கட்டில் இலக்கங்களாக மாறிவிடும் ஆபத்து எந்த விடுதியிலும் உண்டு. அவருள் உறைபவர் யார் என்ற நினைவு வரும்போது, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பரிசோதிக்கவும், தொடுமுன் அவரிடம் சொல்லவும் கை தானாகப் பழகுகிறது.

இன்று புலம்பெயர்ந்தோரின் உதவியால் தீவகத்தில் ஆலயங்கள் புதுப்பொலிவு பெறுகின்றன. அது நல்ல பணி. அதில் நாமும் பங்குகொள்கிறோம். ஆனால் திருநாளன்று நிறையும் ஆலயத்துக்காக மட்டும் செலவிட்டு, மாலைச் செபம் வீட்டில் நின்றுபோக விட்டுவிட்டால், கடற்கோட்டையின் நிலைதான் எமக்கும்: வெளியே சுவர் உறுதியாக நிற்கும், உள்ளே நீர் இராது. ரொறன்ரோவிலோ, லண்டனிலோ, கொழும்பிலோ, கரம்பொனிலோ, பிள்ளைகளோடு நாளுக்குப் பத்து நிமிடம் செபத்தில் அமர்வது எம்மால் முடியாத காரியமல்ல. குருக்கள் இல்லாத அந்த 30 ஆண்டுகளில் எம் மூதாய்மார் செய்தது அவ்வளவுதான். நூற்றாண்டு காணும் சங்கத்தின் பிள்ளைகளாகிய நாம் அடுத்த தலைமுறைக்கு அதைக் கையளிப்போமாக.