கதைசொல்லி எங்கே நிற்கிறார்? அமெரிக்க வானொலித் திகில் நாடகம், 1930–1949

1931 மே மாத இறுதியில் டபிள்யூ.ஓ.ஆர். என்னும் நியூயார்க் வட்டார நிலையத்தில் ஒரு கிழவி பேசத் தொடங்கினாள். பெயர் நான்சி, அமெரிக்காவின் சேலம் ஊரைச் சேர்ந்த சூனியக்காரி. பக்கத்தில் சாத்தான் என்ற கறுப்புப் பூனை. விளக்குகளை அணையுங்கள், கணப்பின் தணலை உற்றுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவாள். அலோன்சோ டீன் கோல் எழுதி இயக்கிய ‘தி விட்ச்சஸ் டேல்’ (சூனியக்காரியின் கதை) என்ற இந்தத் தொடர்தான் அமெரிக்க வானொலியில் முழுக்கத் திகிலுக்கென்றே அமைந்த தொடக்ககாலத் தொடர்களில் முதன்மையானது. 1938 வரை அது ஒலித்தது.

இந்த நாடகங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒலி வித்தைகளிலேயே நின்றுவிடுகிறது. முட்டைக்கோஸை வெட்டித் தலை துண்டிக்கும் ஓசையை எழுப்பியது, பன்றி விலா எலும்புகளை முறித்து மனித எலும்பை முறித்தது என்று அந்தக் கதைகள் சுவையானவை, இங்கும் வரும். ஆனால் இவ்வகையின் வளர்ச்சியைத் தீர்மானித்தது வேறொன்று என்பது என் வாதம். கேட்பவருக்கும் பயங்கரத்துக்கும் நடுவே கதைசொல்லி எங்கே நிற்கிறார்? அந்த இடம் மாறமாறத்தான் நாடகத்தின் தன்மையும் மாறியது.

நான்சி நின்ற இடம் பழகிய இடம். அடுப்படியில் உட்கார்ந்து பேய்க்கதை சொல்லும் பாட்டியின் இடம் அது. அவள் பேசும்வரை இது கதைதான் என்ற துணிவு கேட்பவருக்கு உண்டு. குரலும் முதுமையும் இருந்தால் போதும், முகம் வேண்டியதில்லை என்பதற்கு அந்தத் தொடரே சான்று தந்தது. நான்சியாகப் பேசிவந்த மூத்த நடிகை அடிலெய்ட் ஃபிட்ஸ்-ஆலன் 1935இல் மறைந்தபோது, அந்தக் கிழவியின் குரலை ஏற்றவர் 13 வயதுச் சிறுமி மிரியம் வுல்ஃப்.

விளம்பரத்தில் பிறந்த நிழல்

நான்சி வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே இன்னொரு கதைசொல்லி தற்செயலாகப் பிறந்திருந்தார். ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் பதிப்பகம் தன் துப்பறியும் கதை இதழை விற்பதற்காக 1930 ஜூலை 31 அன்று சி.பி.எஸ். வலையமைப்பில் ஒரு நாடக நிகழ்ச்சியைத் தொடங்கியது. கதைகளை அறிமுகப்படுத்தும் குரலுக்கு ‘தி ஷேடோ’ (நிழல்) என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குரலுக்குக் கதையில் எந்த வேலையும் இல்லை. இருந்தும் ஃபிராங்க் ரீடிக்கின் ஏளனச் சிரிப்பு கேட்டவர் மனதில் ஒட்டிக்கொண்டது. கடைக்குப் போனவர்கள் இதழின் உண்மைப் பெயரை விட்டுவிட்டு நிழலின் இதழைக் கேட்டார்கள். பதிப்பகமும் விழித்துக்கொண்டது. 1931 ஏப்ரலில் நிழலின் பெயரிலேயே புதிய இதழ் வந்தது. வால்டர் கிப்சன் அதற்கெனப் புனைபெயரில் 280க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார்.

1937 செப்டம்பரில் நிழல் மீண்டும் வானொலிக்கு வந்தபோது அவரே கதாநாயகன். நடித்தவர் 22 வயது ஆர்சன் வெல்ஸ். பிறர் மனதை மயக்கித் தன்னைக் காணாமல் செய்துகொள்ளும் ஆற்றல் இந்த நாயகனுக்கு உண்டு. வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடைப்பது அரிது. கேட்பவரும் அவரைக் காண முடியாது, கதையில் வரும் கொலைகாரனும் காண முடியாது. கதைக்கு வெளியே நின்ற குரல் கதைக்குள் காலெடுத்து வைத்த முதல் பெரிய நிகழ்வு இதுதான் என்பேன். ஆனாலும் அந்தக் குரல் நீதியின் பக்கம் நின்றது. கேட்பவருக்கு அதனால் ஆபத்தில்லை.

நள்ளிரவுச் சிகாகோ

ஆபத்து வந்தது சிகாகோவிலிருந்து. அங்கே என்.பி.சி.யில் பணியாற்றிய வில்லிஸ் கூப்பர், 1934 ஜனவரியில் டபிள்யூ.ஈ.என்.ஆர். நிலையத்தில் ‘லைட்ஸ் அவுட்’ தொடரைத் தொடங்கினார். நேரம் நள்ளிரவு. அந்த நேரத்தை வாங்க விளம்பரதாரர் யாரும் வரமாட்டார்கள். அதனால் கட்டுப்படுத்துவோரும் இல்லை. எலும்பு முறிவதும் தசை நசுங்குவதும் தயக்கமின்றி ஒலித்தது அந்தச் சுதந்திரத்தால்தான். மின்சார நாற்காலியில் ஒருவன் சாகும் ஓசைக்குப் பன்றி இறைச்சியை வாணலியில் பொரித்தார்கள். மனித உடல் உள்புறம் வெளியாகப் புரளும் ஓசைக்கு நனைந்த ரப்பர் கையுறையை உரித்துத் திருப்பினார்கள். எல்லாம் நேரடி ஒலிபரப்பு. கை தவறினால் திருத்த வழியில்லை. 1935 தொடக்கத்தில் தொடரை நிறுத்திப் பார்த்தார்கள். நேயர்களின் எதிர்ப்புக் கடிதங்கள் சில வாரங்களிலேயே அதை மீட்டன. ஏப்ரலில் அது நாடெங்கும் ஒலித்தது.

ஓசைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இங்கே பாட்டி இல்லை என்பது. மணி அடிக்கும், விளக்கை அணைக்கச் சொல்லும் ஓர் அறிவிப்பு வரும், அவ்வளவுதான். அதன்பின் கேட்பவர் தனியாள். 1936இல் கூப்பர் ஹாலிவுட்டுக்குப் போக, பொறுப்பேற்ற ஆர்ச் ஓபோலர் இன்னும் ஓரடி உள்ளே போனார். பாத்திரத்தின் வாய்ப்பேச்சை விட்டு மனப்பேச்சை எழுதினார். அவருடைய முதல் நாடகமே உயிரோடு புதைக்கப்படும் ஒரு பெண்ணைப் பற்றியது. வந்து குவிந்தவை கண்டனக் கடிதங்கள். நான்சி இதே கதையைச் சொல்லியிருந்தால் அவ்வளவு சினம் எழுந்திருக்காது. இறுதியில் பூனையிடம் ஒரு வார்த்தை பேசிச் சிரித்து, கேட்பவரைத் தன் வீட்டுக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருப்பாள். ஓபோலர் சவப்பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார்.

1937இல் ஒலித்த அவருடைய ‘சிக்கன் ஹார்ட்’ நாடகத்தில் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த கோழி இதயம் மணிக்கு மணி பெருத்துச் சிகாகோவையும் பின் உலகையும் விழுங்குகிறது. கோழி இதயத் திசுவை 1912 முதல் உயிரோடு வைத்திருப்பதாக அறிவியலாளர் அலெக்சிஸ் காரெல் அறிவித்திருந்த காலம் அது. அந்த ஒலிபரப்பின் பதிவு இன்று கிடைப்பதில்லை. ஒரு துடிப்போசையைத் திரையில் காட்ட முயன்றால் சிரிப்புத்தான் வரும். காதில் அது சுவரைப் பிளக்கும்.

தொலைபேசியும் காரும்

1930இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 40 அளவில் இருந்த வானொலிப் பெட்டி, 1940க்குள் 80ஐத் தாண்டிவிட்டது. கூட்டம் பெருகியதும் விளம்பரதாரரும் திகிலைத் தேடி வந்தார்கள். கூடவே கதைசொல்லியும் திரும்பினார். 1941 ஜனவரியில் ஹைமன் பிரவுன் தொடங்கிய ‘இன்னர் சாங்டம் மிஸ்டரீஸ்’ ஒரு கதவின் கிறீச்சொலியோடு திறந்தது. ரேமண்ட் என்ற தொகுப்பாளர் சாவை வைத்து நகையாடுவார். பிற்பாடு லிப்டன் தேயிலையின் பெயரால் பேசவந்த பெண் அவருடைய குரூரத்தைக் கடிந்துகொள்வாள். பயத்துக்கு மறுபடி வேலி கட்டியாயிற்று. திறமையான நிகழ்ச்சிதான், கலையாக அது பின்வாங்கல் என்றே கருதுகிறேன்.

உண்மையான முன்னேற்றம் லூசில் ஃபிளெட்சர் என்ற எழுத்தாளரிடம் நிகழ்ந்தது. 1940இல் கணவர், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனோடு நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் காரில் போகையில், புரூக்ளின் பாலத்தில் கண்ட விசித்திர மனிதரையே சற்றுத் தொலைவில் மறுபடியும் கண்டார். அதிலிருந்து ‘தி ஹிட்ச்-ஹைக்கர்’ பிறந்தது. 1941இல் வெல்ஸ் அதில் தானே கதையைச் சொல்லும் காரோட்டியாக நடித்தார். தான் முன்பே இறந்துவிட்டது சொல்பவனுக்கே கடைசியில்தான் தெரிகிறது. நம்பிக் கைபிடித்து வந்த வழிகாட்டியே பேய்!

1943 மே 25 அன்று சி.பி.எஸ்.ஸின் ‘சஸ்பென்ஸ்’ தொடரில் வந்த ஃபிளெட்சரின் ‘சாரி, ராங் நம்பர்’ நாடகத்தில் கதைசொல்லியே இல்லை. படுக்கையில் கிடக்கும் ஒரு பெண், கையில் தொலைபேசி. தவறான இணைப்பில் ஒரு கொலைத் திட்டம் அவள் காதில் விழுகிறது. குறிவைக்கப்பட்டவள் தானே என்பது மெல்லப் புரிகிறது. அக்னஸ் மூர்ஹெட் ஏறக்குறைய அரைமணி நேரத்தைப் பெரும்பாலும் தன் குரலாலேயே தாங்கினார். முதல் ஒலிபரப்பின் முடிவில் சக நடிகர் ஒருவர் பேச வேண்டிய இடத்தைத் தவறவிட, நேயர்கள் குழம்பினார்கள். கோடைக்குள்ளேயே மறுபடி நடித்தார்கள். அதன் நுட்பம் எளியது: தொலைபேசியில் வரும் முகமற்ற குரல்களை நம்பி அவள் காத்துக் கிடக்கிறாள்; பெட்டியின் முன் நேயரும் அதையேதான் செய்கிறார்.

இந்த வளர்ச்சியின் உச்சத்தைத் தொட்டவர், ஹாலிவுட்டிலிருந்து திரும்பிய அதே வில்லிஸ் கூப்பர்தான். 1947இல் தொடங்கி 1949இல் முடிந்த ‘குவையட், ப்ளீஸ்’ தொடரில் எர்னஸ்ட் சாப்பல் கிட்டத்தட்ட எல்லா நாடகங்களையும் தன்மையில் பேசினார். முட்டைக்கோஸும் இல்லை, ரப்பர் கையுறையும் இல்லை. தாழ்ந்த குரலும் நீண்ட மௌனங்களுமே இருந்தன. 1948 ஆகஸ்டில் வந்த ‘தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்டு’ நாடகத்தில் அவர் ஒரு பழைய எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் நம்மிடம் பேசுகிறார். கிணற்றின் ஆழத்திலிருந்து கோபுரத்தில் ஏறிவந்த கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றியும், குழந்தை அழுவதுபோன்ற அதன் குரலைப் பற்றியும் சொல்கிறார். இடையிடையே மனைவியைக் கூப்பிடுகிறார், அவள் வரவில்லை. கதை முடியும்போது அந்த அழுகை அடுத்த அறையிலிருந்து கேட்கிறது. விருந்தாளியை எதற்காக இவ்வளவு நேரம் உட்காரவைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்குகிறது.