ஒரு கைப்பேசி, ஒரு வீடு: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் இணையக் கேளிக்கையும் தனியுரிமையும்

2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலை நடந்த சில நாள்களில், பப்ஜி விளையாட்டைத் தடை செய்ய வேண்டுமென்று நெகிரி செம்பிலான் முஃப்தி கேட்டுக்கொண்டார். மலேசியாவில் இணைய விளையாட்டு பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் போகிறது: வன்முறை, அடிமைத்தனம், கெட்டுப்போகும் படிப்பு. ஆடுகிறவனைப் பற்றி விளையாட்டு நிறுவனம் எதையெல்லாம் தெரிந்துகொள்கிறது என்பதை அதிகம் பேர் கேட்பதில்லை. கோலசிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் நின்று அதைக் கேட்டால், நமது தனியுரிமைச் சட்டம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறதோ அதுவே ஆட்டம் காண்கிறது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. அறிவிப்பைப் படித்து, புரிந்து, ஒப்புதல் தரும் தனி மனிதர் ஒருவரை அது மனத்தில் வைத்திருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் தரவேண்டும். அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. தமிழுக்கு அங்கே இடமில்லை.

இனி பெஸ்தாரி ஜெயா பக்கம் வருவோம். பழைய பத்தாங் பெர்ஜுந்தை. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்ட தென்னமரம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இங்குள்ள ஒரு தொழிலாளர் வீட்டை எண்ணிப் பாருங்கள். சிம் அட்டை அப்பாவின் அடையாள அட்டையான மைகார்டில் பதிவானது. விளையாட்டுக் கணக்கு மூத்த மகனுடையது. மதியம் அதே கைப்பேசியில் பாட்டி பழைய பாட்டுக் கேட்கிறார், இரவில் தங்கை பாடம் பார்க்கிறாள். 2020, 2021இல் பள்ளிகள் மூடியிருந்தபோது ஒரே கைப்பேசியைச் சகோதரர்கள் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகள் ஏராளம். இத்தனை பேரின் விருப்பங்களையும் கலந்து நிறுவனம் ஓர் ஆளை உருவாக்குகிறது: ஐம்பது வயது, மொபைல் லெஜண்ட்ஸ் வெறி, பி. சுசீலா ரசனை. அப்படி ஒருவர் அந்த வீட்டில் கிடையாது. ஆனால் விளம்பரம் அவருக்குத்தான் வருகிறது.

ஒப்புதல் யார் தந்தது? தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தாய்க்கு மலாய் அறிவிப்பைப் படித்துச் சொல்பவனே பிள்ளைதான். சட்டம் எதிர்பார்க்கும் காப்பாளர் உறவு இங்கே தலைகீழ். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திய விரல் பெரும்பாலும் பன்னிரண்டு வயது விரல்.

சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தனியுரிமை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. வரலாறு அறியாத கேள்வி. அடுத்த மாவட்டமான கிள்ளானில் 1941இல் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்க்கலாம். கூலி உயர்வும் மருத்துவ வசதியும் மட்டும் அதில் இல்லை. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், துரைகளுக்கும் கிராணிகளுக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். அண்டை வீட்டார் கண்ணில் படுவது அவர்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. தன்மேல் அதிகாரம் உள்ளவன் தன் போக்குவரத்தைக் கணக்கெடுப்பதையே எதிர்த்தார்கள். தனியுரிமைக்கு இதைவிடத் துல்லியமான வரையறையைச் சட்ட நூல்களில் நான் கண்டதில்லை. (லயத்துக்குள்ளேயே அண்ணன் தங்கையின் கைப்பேசியைச் சோதிப்பது வேறு வகை அதிகாரம், அதையும் இந்த வரையறை விட்டுவிடாது.)

மலாயா அவசரகாலத்தில் தோட்டங்களுக்கு அரசு கொடுத்த சமூக வானொலிப் பெட்டியிலும் பிரச்சாரம் இருந்தது. ஆனால் யார் கேட்டார், எந்தப் பாட்டில் எழுந்து போனார் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இன்றைய பாட்டுச் செயலிக்கு அது தெரியும்.

பதினாறு வயதுக்குக் கீழுள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை வரும், வயதை அடையாள ஆவணங்கள் வழி உறுதிசெய்ய வேண்டும் என்று தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு வலை விரிப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். வழிதான் தவறு. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் தவிக்கும் இந்தியக் குடும்பங்களின் சிக்கல் இந்த நாட்டில் பல்லாண்டுகளாகத் தீராதது. ஆவணமில்லாதவருக்குப் பள்ளிச் சேர்க்கையே போராட்டம். இனி பொழுதுபோக்குக்கும் அதே வாசல். ஆவணம் உள்ளவரோ, குறைவாகத் தரவேண்டிய தரவை இன்னும் கூடுதலாகத் தருகிறார். வீட்டில் கைப்பேசி ஒன்றே என்றால், அப்பாவின் மைகார்டைக் காட்டித் திறந்த கணக்கில் பிள்ளை வழக்கம்போல் உலவிக்கொண்டிருப்பான்.

ஆகவே சுமையைச் சேகரிப்பவர் தலையில் வைக்கவேண்டும். ஆடுவதற்குத் தேவைப்படாத இருப்பிடத்தையும் தொடர்புப் பட்டியலையும் ஒப்புதல் கிடைத்தாலும் எடுக்கக்கூடாது. கைப்பேசியைப் பலர் பகிர்கிறார்கள் என்பதை இயல்பு நிலையாகக் கொண்டு, சிறுவர்க்குரிய பாதுகாப்பு எல்லாருக்கும் பொருந்தவேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டத்தின் உச்ச வரம்பை 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது, தரவுக் கசிவை அறிவிக்கும் கடமையையும் சேர்த்தது, நல்லதுதான். ஆனால் 3ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது: மத்திய, மாநில அரசுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அரசின் அடையாளச் செயலி வழியே வயதைச் சரிபார்க்கச் சொன்னால், அரசின் கைக்குச் சேரும் விவரத்துக்கு இச்சட்டம் காவல் நிற்காது. வயதுச் சோதனைக்கு முன்னால் நாடாளுமன்றம் திருத்தவேண்டியது அந்தப் பிரிவைத்தான்.