பணயம்: மறையூர் முதல் காஜனூர் வரை

மறையூர் என்றதும் சந்தன மணம் நம் நினைவுக்கு வரும். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியே மூணாறு செல்லும் மலைப்பாதையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்தது அவ்வூர். கரும்புத் தோட்டங்களும், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும், முனியறை என்று மக்கள் வழங்கும் தொன்மையான கற்திட்டைகளும் அங்கு உண்டு. அஞ்சுநாடு எனப்படும் அப்பள்ளத்தாக்கின் பழைய கிராம மக்கள் பேசுவது தமிழ். எனினும், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம் வட்டத்தோடு மறையூரும் கேரளத்திற்கு உரியதாயிற்று.

இதற்கு நேர் மாறான நிலையைச் சத்தியமங்கலம் மலைமேலுள்ள தாளவாடிப் பகுதியில் காண்கிறோம். அது தமிழ்நாட்டில் நின்றது. ஆனால் அங்கே வீடுகளில் பெரிதும் ஒலிப்பது கன்னடம். அப்பகுதியைச் சேர்ந்த காஜனூரிலேதான் 1929இல் கன்னடத் திரையுலகின் தலைசிறந்த நடிகரான ராஜ்குமார் பிறந்தார். மொழியின் எல்லையும் மாநிலத்தின் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை என்பதற்கு இவ்விரு ஊர்களும் சான்று.

இவ்வூர்களை இணைக்கும் மற்றொன்று சந்தன மரம். மறையூர்க் காட்டில் அம்மரங்களை எண்ணிக் கணக்கெடுத்து, இரவும் பகலும் காவல் புரிகின்றனர். காரணம், அதன் விலை. அவ்விலையே தமிழ்நாடு, கர்நாடக எல்லைக் காடுகளில் வீரப்பன் என்னும் கொள்ளைக்காரனை வளர்த்தது. யானைத் தந்தமும் சந்தனக் கட்டையும் கடத்தியவன், அதிரடிப் படையின் பிடி இறுகிய பின்னர், மனிதரைக் கடத்தலானான். 1994இல் ஒரு காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளரும், 1997இல் கர்நாடக வனத்துறை ஊழியர் ஒன்பதின்மரும் அவன் கையில் சிக்கி மீண்டனர்.

2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இரவு. புதுமனை புகுவிழாவை முன்னிட்டுக் காஜனூர் வந்திருந்த ராஜ்குமாரின் இல்லத்தில் வீரப்பன் ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் நுழைந்தான். எழுபத்தொரு வயதான நடிகரையும் அவருடைய மருமகன் உள்ளிட்ட மூவரையும் காட்டுக்குள் கொண்டு சென்றான். கர்நாடக முதலமைச்சர் எஸ். எம். கிருஷ்ணாவிடம் சேர்ப்பிக்குமாறு ஓர் ஒலிநாடாவை ராஜ்குமாரின் மனைவி பார்வதம்மாளிடம் கொடுத்துச் சென்றான்.

பணயம் என்னும் சொல்லை இங்கே நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சூதாட்டத்தில் வைக்கப்படும் பொருளுக்கு அது பெயர். சூதாடுவோன் தன் பொருளை வைத்தல் முறை. பாரதக் கதையில் தருமன் தம்பியரையும் தேவியையும் பணயம் வைத்தபோது, அவ்வுரிமை அவனுக்கு ஏது என்ற கேள்வி அவையிலே எழுந்தது. காட்டில் நடந்த சூதிலோ, வைத்தவன் இழப்பதற்குத் தன்னுடையது எதுவும் இல்லை. வைக்கப்பட்டோர் அனைவரும் பிறர்.

அவருள் ராஜ்குமார் மட்டும் இருந்தார் அல்லர். செய்தி பரவியதும் பெங்களூரில் கடைகளும் கல்விக் கூடங்களும் அடைக்கப்பட்டன, பேருந்துகள் கல்லெறிபட்டன. 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி நிகழ்ந்த கலவரத்தில் வீடுவாசல் இழந்து ஓடிய தமிழ்க் குடும்பங்களின் நினைவு அப்போது ஆறவில்லை. நடிகரின் உயிருக்கு ஊறு நேர்ந்தால் நம் கதி யாது என்னும் அச்சத்தோடு கர்நாடகத் தமிழர் காலங் கழித்தனர். தமிழருக்காகவே கேட்பதாகச் சொன்னவன், அத்தமிழரையே கேளாமற் பணயம் வைத்தான் என்பது நாம் மறக்கலாகாத உண்மை.

அவன் விடுத்த கோரிக்கைகள் பல: காவிரி நீர், 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு, பெங்களூரில் திருவள்ளுவர் சிலைத் திறப்பு, தடா சட்டத்தில் மைசூர்ச் சிறையில் இருந்தோர் விடுதலை. அவற்றுள் சில நியாயமானவை என்பதில் ஐயமில்லை. ஐம்பத்தொருவர் மீதான தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெற அரசாங்கம் இசைந்தது. அப்போது ஒரு தந்தை எழுந்தார். 1992 ஆகஸ்டில் வீரப்பன் கூட்டத்தாரால் கொல்லப்பட்ட உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவின் தந்தை, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி அப்துல் கரீம், உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2000 நவம்பர் 7ஆம் நாள் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளில் குற்றஞ் சாட்டப்பட்டவருள் பெரும்பாலோர் குற்றமற்றவர் என 2001இல் மைசூர்த் தனி நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். காட்டிலிருந்து வந்த மிரட்டல் தராத விடுதலையை, காலந்தாழ்ந்தேனும், விசாரணையே தந்தது.

தூதுவர்கள் பன்முறை காடு சென்று மீண்ட பின்னர், 108ஆம் நாளான நவம்பர் 15இல் ராஜ்குமார் விடுவிக்கப்பட்டார். பெருந்தொகை கைமாறியது என்று கர்நாடகக் காவல்துறையின் முன்னாள் தலைவர் தினகர் பின்னர் ஒரு நூலில் எழுதினார். 2002 ஆகஸ்ட் 25இல் காமகெரே ஊரிலிருந்து முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டார். டிசம்பர் 8இல் அவரது உடலே கிடைத்தது. 2004 அக்டோபர் 18இல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். ராஜ்குமார் கடத்தல் வழக்கில் எஞ்சிய ஒன்பதின்மரையும் கோபிசெட்டிபாளையம் நீதிமன்றம் 2018இல் விடுதலை செய்தது.

அந்தத் திருவள்ளுவர் சிலை என்னவாயிற்று? 1991 முதல் அல்சூர் ஏரிக்கரையில் மூடுதுணிக்குள் இருந்தது. மிரட்டலுக்குப் பின்னும் அவ்வாறே இருந்தது. பின்னர் இரு மாநில அரசுகளும் அமர்ந்து பேசின. 2009 ஆகஸ்ட் 9இல் பெங்களூரில் வள்ளுவர் சிலையும், நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன. ஒருவர் பெற, மற்றவர் இழக்கவில்லை.

மறையூரிலோ பெங்களூரிலோ, பிற மாநிலத்தில் வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. நம் பெயரால் பேச வருபவன் எவனாயினும், அவன் பணயமாக வைப்பது எதனை என்று முதலில் கேட்போமாக. பெங்களூர் செல்லும் அன்பர்கள் அல்சூர் ஏரிக்கரையில் சற்று நின்று, அச்சிலையைக் கண்டு வருக.