பதினொரு சென்டிமீட்டர்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை நம்மில் பலர் 2016 செப்டம்பரில்தான் அறிந்தோம். ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்ததையும், தாய் காய்கறி விற்று வளர்த்ததையும் படித்துக் கண்கலங்கினோம். அதற்கு முந்திய பயிற்சிக் காலத்தைப் பற்றி நாம் கேட்கவேயில்லை.

2013இல் தேசியப் போட்டியொன்றில் அவரைக் கண்ட பயிற்சியாளர் சத்யநாராயணா, 2015இல் பெங்களூருக்கு அழைத்துச்சென்று பயிற்றுவித்தார். புதிய ஊர், புதிய ஆசான். 2016 மார்ச்சில் துனீசியாவில் மாரியப்பன் தாண்டியது 1.78 மீட்டர், ரியோ செல்ல வேண்டிய தகுதி உயரமோ 1.60தான். அத்துடன் நிறைவடைந்திருக்கலாம். ஆறே மாதத்தில் மேலும் பதினொரு சென்டிமீட்டர் உயர்ந்தார்.

2021இல் நடந்த டோக்கியோ போட்டியில், மழைக்கிடையே 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி. 2024இல் பாரிசில் 1.85 மீட்டர், வெண்கலம். எட்டாண்டுகளில் நடந்த இம்மூன்று போட்டிகளுக்கும் இடையே வேறுபாடு நான்கு சென்டிமீட்டரே. இது ஒருநாள் அதிர்ஷ்டமன்று, பயிற்சியின் பலன். ஏழ்மையைக் கண்டு இரங்கிய நாம் உழைப்பை அளக்க மறந்தோம். ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் இனியேனும் அந்த உழைப்பையும் எழுதவேண்டும்.