புதிய கடைக்கு மின் இணைப்பு: வலியசாலை வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: திருவனந்தபுரம் சாலை சந்தையை ஒட்டியுள்ள வலியசாலை, தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் அக்ரகாரத் தெருக்களைக் கொண்ட பகுதி. இத்தகைய இடங்களில் பழைய வீட்டின் முன்பகுதியைக் கடையாக மாற்றுவோர், வீட்டு மின் இணைப்பையே வணிகத்துக்கும் பயன்படுத்தினால் பெருந்தொகையை இழக்க நேரிடும்.

இருமடங்கு கட்டணம்

வீட்டு உபயோகத்துக்குப் பெற்ற மின்சாரத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடாகும். இது கண்டறியப்பட்டால், உரிய கட்டணத்தைப் போல இருமடங்கு விதிக்கப்படும். எப்போது தொடங்கியது என உறுதிசெய்ய இயலாவிடில், ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடப்படும். இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால், அதற்கு விதிக்கப்பட்ட தொகையில் பாதியை முன்னதாகச் செலுத்த வேண்டும்.

எந்தப் பிரிவு?

கேரளத்தில் கடைகள், உணவகங்கள் போன்றவை தாழ்வழுத்த மின்சாரத்தின் 7-ஏ பிரிவில் வருகின்றன. குறைந்த இணைப்புச் சுமை கொண்ட சிறு கடைகளுக்கு 7-பி பிரிவு உண்டு. மாவு மில், எண்ணெய் ஆலை போன்றவை தொழிற்சாலைகளுக்கான 4-ஏ பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே, அரைத்து விற்பவரும் வாங்கி விற்பவரும் ஒரே கட்டணம் செலுத்துவதில்லை. விண்ணப்பத்தில் தொழிலின் தன்மையைத் தெளிவாகக் குறிப்பிடுவது அவசியம்.

சுமையைக் கணக்கிடுதல்

மின்சாதனங்கள் அனைத்தின் திறனையும் கூட்டினால் கிடைப்பது இணைப்புச் சுமை. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். எடுத்துக்காட்டாக, 2 குதிரைத்திறன் கிரைண்டருக்குச் சுமார் 1,500 வாட், ஏ.சி.க்கு 1,800, உறைபெட்டிக்கு 400, விளக்குகள், மின்விசிறிகளுக்கு 325 எனக் கொண்டால் மொத்தம் 4,025 வாட். இது ஒருமுனை இணைப்புக்கான 5 கிலோவாட் வரம்புக்குள் அடங்கும். இன்னொரு கிரைண்டர் சேர்ந்தால் 5,525 வாட் ஆகி, மும்முனை இணைப்பு தேவைப்படும். எனவே, எதிர்காலத் தேவையையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

விண்ணப்பமும் ஆவணங்களும்

அடையாளச் சான்று, கட்டடத்தின் உரிமை அல்லது அனுபவத்துக்கான சான்று ஆகியவை முதன்மை ஆவணங்கள். வாடகைதாரர் வாடகை ஒப்பந்தத்தை அளிக்கலாம். கேரள மாநில மின்வாரியத்தின் இணையதளத்திலோ, பகுதிக்குரிய மின்பிரிவு அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். 1912 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வயரிங் பணியை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். செலுத்தப்படும் காப்புத் தொகைக்கு, வங்கி விகிதத்துக்குக் குறையாத வட்டி வழங்கப்பட வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது.

பழைய பாக்கி

கட்டடத்தை வாங்குவதற்கு அல்லது வாடகைக்கு எடுப்பதற்கு முன், முந்தைய மின்கட்டணப் பாக்கி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். விதிமுறைகள் அனுமதித்தால், முந்தைய உரிமையாளரின் பாக்கியைச் செலுத்துமாறு கட்டடத்தைப் புதிதாக வாங்கி இணைப்பு கோருபவரிடம் கேட்கலாம் என உச்சநீதிமன்றம் 2023, மே 19-ஆம் தேதி தீர்ப்பளித்தது. கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கிலேயே அத்தீர்ப்பு வழங்கப்பட்டது.

தாமதமானால்

மத்திய அரசு 2024-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி, முழுமையான விண்ணப்பம் கிடைத்த பின் பெருநகரங்களில் 3 நாள்கள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள்கள், ஊரகப் பகுதிகளில் 15 நாள்களுக்குள் இணைப்பு வழங்க வேண்டும். மலைப்பாங்கான ஊரகப் பகுதிகளுக்கு 30 நாள்கள் வரை அவகாசம் உண்டு. மின்பிரிவு அலுவலகத்தில் தீர்வு கிடைக்காவிடில், தென்மண்டலத்தினர் கொட்டாரக்கரையில் உள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அதன் முடிவில் நிறைவில்லை எனில் கொச்சியில் உள்ள மின்சார குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். விண்ணப்ப ரசீதைப் பத்திரப்படுத்துவது இதற்கு உதவும்.